இரண்டு தெரு தூரம்

வயலின்காரருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். அதற்கும் ஆறு நாளில் அறுநூறு கிலோமீட்டர் ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம், குளியலறையில் பாடுவதற்கும் மேடையில் பாடுவதற்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் எய்ட்ஸ் நோயாளிகளின் மருந்துக்கும் பராமரிப்புக்கும் நிதி திரட்டும் சைக்கிள் பயணம் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்ததும், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டில் மனைவி, "பல் வலின்னுதானே ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?" என்று கேட்டாள்.

வயலின்காரர் என்றால் மேடை நடுவில் நின்று கைதட்டு வாங்குகிறவர் இல்லை. நகர இசைக்குழுவில் இரண்டாம் வரிசை, மூன்றாவது நாற்காலி. இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்காலிக்காரர் தும்மினால் சபைக்குத் தெரியும், வாசித்தால் தெரியாது. அப்படித் தெரியாமல் வாசிப்பதுதான் அங்கே வேலை. அதற்கு வேண்டியது இடது கையின் நான்கு விரல்கள். ஆள்காட்டி விரலில் தொடங்கி சுண்டுவிரல் வரை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வீட்டு வாடகை, பெண்ணின் படிப்பு, மனைவியின் மூக்குக்கண்ணாடி எல்லாம் அந்த நான்கின் மேல்தான் நின்றன. கல்யாணமான நாளிலிருந்து அவர் கத்தியைத் தொட்டதில்லை, ஜன்னலை இழுத்துச் சாத்தியதில்லை, விழுகிற பாத்திரத்தைத் தாவிப் பிடித்ததில்லை. வேறு தொழில் எதுவும் அவருக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளும் வயதும் தாண்டிவிட்டது.

"கைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள் மனைவி.

"சைக்கிளைக் காலாலதானே ஓட்டறது?"

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன பேசுவது? அவள் விட்டுவிட்டாள்.

விண்ணப்பத்தில் 'யாருக்காக ஓட்டுகிறீர்கள்?' என்று ஒரு கட்டம் இருந்தது. பலர் அதைக் காலியாக விட்டிருந்தார்கள். வயலின்காரர் தம்பியின் பெயரை முழுசாக, இனிஷியலோடு எழுதிக் கொடுத்தார். பெயர் அச்சடித்த சட்டை வந்தபோது அவருக்கே பகீரென்றது. முதுகில் மேலே 'எய்ட்ஸ்' என்ற வார்த்தை, அதற்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குத் தம்பி.

அந்த இரண்டையும் அந்தக் குடும்பம் ஆறு வருடமாக ஒன்றாகச் சொன்னதில்லை. தம்பி லிஃப்ட் மெக்கானிக். "பாதி ஊரை நான்தான் மேல தூக்கிவிட்டேன்" என்று சொல்லித் திரிந்தவன். முப்பத்தொன்பது வயதில் படுத்தான், ஐந்து வாரத்தில் போய்விட்டான். நோய் எப்படி வந்தது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆளுக்கொரு பதிலை மனதுக்குள் வைத்துக்கொண்டார்கள். வெளியில் நிமோனியா என்று சொன்னார்கள். அது பொய் இல்லை, கடைசியில் நுரையீரல்தான் கைவிட்டது. கால் உண்மையைச் சொல்லி முக்காலை அமுக்குவதில் அந்தக் குடும்பம் கெட்டிக்காரக் குடும்பம்.

தம்பி மனைவிக்கும் அந்த நோய் இருந்தது. அவள் நேரத்துக்கு மாத்திரை சாப்பிட்டு, நம்மைவிடத் திடமாக இருந்தாள். ஒரு லாண்டரியில் வேன் ஓட்டினாள். ஓட்டல் படுக்கை விரிப்புகளை அழுக்காக எடுத்துப்போய் வெள்ளையாகக் கொண்டுவந்து போடுகிற வேலை. வயலின்காரர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தாள். ஆறு வருடத்தில் அவர் அந்த வாசலை மிதிக்கவில்லை. எதிரே அவள் வேன் வருவது தெரிந்தால் பக்கத்தில் இருக்கிற செருப்புக்கடைக்குள் நுழைந்துவிடுவார். அந்த வகையில் தேவையே இல்லாமல் மூன்று ஜோடி செருப்பு வாங்கியிருக்கிறார்.

பயணம் கிளம்புகிற காலையில், பள்ளிக்கூட மைதானத்தில், தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்த வேனின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியது அவள்தான். லாண்டரி முதலாளி ஆறு நாளைக்கு வேனைச் சும்மா கொடுத்திருந்தார், வேனோடு ஓட்டுநரையும். அங்கே செருப்புக்கடை எதுவும் இல்லை.

"வாங்க மாமா" என்றாள், யாரையோ வரவேற்கிற மாதிரி. பிறகு அவர் முதுகுப் பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவள் படிக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு பெயரைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவர் திரும்பிப் பார்த்தபோது அவள் அடுத்த கேனைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்திரண்டு பேர் கிளம்பினார்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு ஜோடி கையுறை கொடுத்தார்கள், உள்ளங்கையில் பஞ்சு மெத்தை வைத்தது. வயலின்காரர் மட்டும் தம்முடையதைத் திருப்பிக் கொடுத்தார்.

"விரல் நுனியில காய்ப்பு இருக்கு பாருங்க. தந்தி அழுத்தி அழுத்தி இருபது முப்பது வருஷத்துல வந்தது. கிளவுஸுக்குள்ள வேர்த்தா அது ஊறிப்போயிடும். அப்புறம் தந்தி வெட்டும்" என்றார்.

இசைக்கலைஞர்கள் இப்படி ஏதாவது சொன்னால் உலகம் நம்பிவிடும். பக்கத்தில் நின்ற ரொட்டிக்கடைக்காரர், பெருத்த உடம்பும் அதைவிடப் பெருத்த சிரிப்பும் உள்ளவர், "பெரிய இடத்து விரல், நம்ம விரல் மாதிரியா?" என்று அந்த நுனிகளை மரியாதையாகப் பார்த்தார். அவருடைய அக்கா மகன் இதே நோயில் போனவன். மாவு பிசைந்து பிசைந்து அவர் கை இரண்டும் பலகை மாதிரி இருந்தன. அந்தக் கையிலும் கையுறை போட்டிருந்தார்.

கையுறை போடாததோடு வயலின்காரர் இன்னொன்றும் செய்தார். விரல்கள் ஹேண்டிலில் உரசக்கூடாது என்று நான்கையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, உடம்பின் கனத்தையெல்லாம் உள்ளங்கையின் அடிப்பக்கத்தில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கிற மேட்டில் சாய்த்தார். விரலைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி இல்லை என்றுதான் தோன்றும். சுண்டுவிரலுக்குப் போகிற நரம்பு அந்த மேட்டுக்கு அடியில்தான் போகிறது என்பது முப்பத்தைந்து வருடம் வயலின் வாசித்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதல் நாள் நூறு கிலோமீட்டர். தொடை இரண்டும் எரிந்தன, முதுகு விட்டுப்போயிற்று. ஆனால் மனதில் ஏதோ ஒன்று லேசானது. சாயங்காலம் தங்கிய பள்ளிக்கூட ஹாலில் ரொட்டியும் சூப்பும் முடிந்ததும், ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டபடி வயலின் வாசித்தார். வேனில் வந்த பெட்டியைத் தம்பி மனைவிதான் கொண்டுவந்து வைத்தாள். வாசிக்கும்போது அவள் ஹாலில் இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் இடது கைச் சுண்டுவிரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. சாயங்காலம் எறும்பு போய்விட்டது, எறும்போடு விரலும் போய்விட்டது. தந்தியில் வைத்தால் வைத்த இடம் தெரியவில்லை, சுரம் அரை மயிரிழை கீழே விழுந்தது. அவர் பயந்துதான் போனார். ஆனால் பழக்கப்பட்ட ஆள் இல்லையா, நான்காம் விரல் போட வேண்டிய இடத்துக்கெல்லாம் கையை நகர்த்தி மூன்றாம் விரலைப் போட்டு ஒப்பேற்றினார். யாருக்கும் தெரியவில்லை. ரொட்டிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மோதிரவிரலும் மரத்தது.

பயணத்தோடு பிசியோதெரபிப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். சின்ன வயது, கறாரான ஆள். எல்லோரும் அவளை பிசியோ என்றே கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியான ஓய்வில் வரிசையாக எல்லோரையும் பார்த்துக்கொண்டு வந்தவள், வயலின்காரரின் வெறும் கையைப் பார்த்ததும் நின்றாள்.

"சார், கை எப்படி இருக்கு? மரமரப்பு ஏதாவது இருக்கா?"

"நல்லாயிருக்கு."

"இருந்தா சொல்லிடணும். இந்த நரம்பு நசுங்கினா, சீக்கிரம் நிறுத்தினா திரும்ப வரும். விட்டுட்டா வராமலும் போகலாம். உங்க தொழிலுக்குச் சொல்றேன்."

"நல்லாயிருக்கும்மா. இதோ பாருங்க" என்று ஐந்து விரலையும் ஆட்டிக் காட்டினார். சுண்டுவிரல் பக்கத்து விரலோடு ஒட்டிக்கொண்டு போனது. அதையும் ஒரு வேகத்தில் பூசி மெழுகிவிட்டார்.

"கிளவுஸாவது போட்டுக்கோங்க சார்."

"காய்ப்பு ஊறிடும்மா."

ஐந்தடி தள்ளி, வேனின் பின்கதவில் உட்கார்ந்து வாழைப்பழம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் தம்பி மனைவி. அவள் தலையைத் தூக்கவில்லை. "அன்னைக்குப் போட்டீங்க, இன்னைக்குப் போட மாட்டேங்கறீங்க" என்றாள், பழத்திடம் சொல்கிற மாதிரி.

பிசியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. வயலின்காரருக்குக் காது மடல் வரை சூடாயிற்று.

உண்மை என்னவென்றால், காய்ப்பெல்லாம் வெறும் சாக்கு. ஆறு வருடத்துக்கு முன்னால், குளிர் கடுமையாக இருந்த ஒரு மாதத்தில், அவர் விரல் நுனிகள் தந்தி பட்ட இடத்தில் வெடித்திருந்தன. தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கினார். தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நர்ஸ் தம்பியின் நெற்றியை வெறுங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இவர் வார்டு வாசலில் நின்று கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

தம்பி அந்தக் கையைப் பார்த்தான். "என்னண்ணா, ஆபரேஷனா?" என்றான். நல்ல ஜோக்தான். சொல்லிவிட்டு இருமினான். பிறகு கையை நீட்டினான். எலும்பும் தோலுமான கை. வயலின்காரர் அதை இரண்டு தட்டு தட்டினார், இஸ்திரிப்பெட்டி சூடா என்று பார்க்கிற மாதிரி. பத்து நிமிடத்தில் ஒத்திகை இருக்கிறது என்று எழுந்துவிட்டார். ஒத்திகை இருந்தது வாஸ்தவம்தான், மூன்று மணி நேரம் கழித்து. நான்காவது நாள் தம்பி இறந்தபோது அவர் மேடையில் இருந்தார்.

அன்றிலிருந்து அவரால் எந்தக் கையுறையையும் தொட முடியவில்லை. குளிர்காலத்தில்கூடச் சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு நடப்பார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டே விரலில் வாசித்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எலி மாதிரி மேலும் கீழும் ஓடின. இதோடு நிறுத்தினால் கை மிஞ்சும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பிசியோ சொன்னது காதிலேயே இருந்தது. ஆனால் மூன்று நாள் மிச்சம் இருந்தது, முதுகில் தம்பி இருந்தான். கைக்குப் பயந்து ஒரு தடவை ஓடியாயிற்று. இன்னொரு தடவையுமா ஓடுவது? போனால் போகட்டும், இந்த முறை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று தம்பியிடம் மனதுக்குள் சொன்னார். அப்படிச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான்காம் நாள் காலை ஒரு நீண்ட இறக்கம் வந்தது. இரண்டு பக்கமும் மரம், நடுவில் வளைந்து வளைந்து இறங்குகிற ரோடு. மிச்சமிருந்த இரண்டு நல்ல விரல்களையும் காப்பாற்றியாக வேண்டும் என்று வயலின்காரர் காலையிலிருந்தே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பிரேக்கை அந்த இரண்டால் பிடிக்கவில்லை. செத்துப்போன மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் வைத்துப் பிடித்தார். சமதரையில் அது போதுமானதாக இருந்தது. வயலின் வாசிக்கிறவனைத் தவிர வேறு எவனுக்கும் இப்படி ஒரு புத்தி போகாது.

வளைவில் முன்னால் போன ரொட்டிக்கடைக்காரர் வேகத்தைக் குறைத்தார். வயலின்காரர் இடது பிரேக்கை இழுத்தார், இழுத்ததாக நினைத்தார். விரல்கள் கம்பியின் மேல் சும்மா படுத்திருந்தன. வலது பிரேக் மட்டும் பிடிக்க, சைக்கிள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் அந்தப் பெரிய முதுகில் மோதியது. ரொட்டிக்கடைக்காரர் ரோட்டோரத் தூணில் தோளால் போய் விழுந்தார். வயலின்காரர் இடது உள்ளங்கையை ஊன்றி விழுந்தார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று ரொட்டிக்கடைக்காரர்தான் முதலில் கத்தினார். பிறகு எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், முகம் மாவாக வெளுத்தது. பிசியோ ஓடிவந்து சட்டையைக் கத்தரித்தாள். கழுத்துக்குக் கீழே காறை எலும்பு உடைந்து தோலுக்கு அடியில் கூடாரம் போட்டு நின்றது.

"எனக்கு பிரேக் பிடிக்கல" என்றார் வயலின்காரர்.

பிசியோ அவர் சைக்கிளின் இடது பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். கச்சிதமாகப் பிடித்தது. அவள் நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வந்ததும் ரொட்டிக்கடைக்காரரோடு அதில் ஏறினாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே அந்த மனிதர், "ரெண்டு மாசத்துக்கு எங்க தெருவுல யாருக்கும் ரொட்டி கிடையாது சார், எல்லாரும் உங்களைத்தான் திட்டப் போறாங்க" என்று சிரிக்க முயன்றார். வயலின்காரருக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

தம்பி மனைவி இரண்டு சைக்கிளையும் வேனில் தூக்கிப் போட்டாள். "ஏறுங்க" என்றாள்.

வேனுக்குள் சோப்புத்தூள் வாசனை. அவர் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளங்கை கன்றிப்போய் வீங்கத் தொடங்கியிருந்தது. ஆறு வருடத்தில் அவர்கள் இருவரும் இவ்வளவு பக்கத்தில் இருந்தது இதுதான் முதல் தடவை. கொஞ்ச தூரம் ஓட்டியவள் ரோட்டோரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டாம் நாள்லேர்ந்து."

"பிசியோ கேட்டப்ப நல்லாயிருக்குன்னீங்க."

அவர் வீங்கிய கையை வலது கையால் மூடிக்கொண்டார்.

"அந்த ஆள் தலை தூண்ல இடிச்சிருந்தா? யாருக்குப் பதில் சொல்லியிருப்பீங்க? அவர் பொண்டாட்டிகிட்ட எதனால போனார்னு சொல்லியிருப்பீங்க? நிமோனியான்னா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். வயலின்காரர் கண் கலங்கிவிட்டார். "தம்பிக்காகத்தான்மா. அவனுக்குச் செஞ்சதுக்கு இதாவது..." என்று தொடங்கினார்.

"அவர் உங்களை ஓட்டச் சொன்னாரா?" அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. நீங்க அன்னைக்குக் கிளவுஸோட வந்துட்டுப் போனப்புறம் அவர் சிரிச்சார். 'விரல்தானே அண்ணனுக்குச் சோறு, பயப்படத்தான் செய்வார், விடு'ன்னார். அதோட மறந்துட்டார். நிஜமாவே மறந்துட்டார். அதுக்கப்புறம் நாலு நாள் இருந்தார், உங்களைப் பத்தி ஒரு குறை சொல்லல. மூச்சு விடறதே பெரிய வேலையா இருந்துச்சு அவருக்கு."

வயலின்காரர் சத்தம் வராமல் அழுதார்.

"மறக்காதது நான்" என்றாள் அவள். "எனக்கும் இருக்குன்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்கு, அவர் போய் பதினோராம் நாள், நேரா உங்க வீட்டுக்குத்தான் வந்தேன். வேற யார்கிட்டப் போறதுன்னு தெரியல. படியேறும்போதே வயலின் சத்தம் கேட்டுது. பெல் அடிச்சேன். சத்தம் நின்னுது. நீங்க நடந்து வர்ற சத்தமும் கேட்டுது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னீங்க. கதவுல பார்க்கறதுக்கு வச்ச சின்ன ஓட்டைல இருட்டு விழுந்துச்சு. நான் மறுபடி பெல் அடிக்கல. நீங்க திறக்கல."

அவருக்கு அது நினைவில் இருந்தது. ஒவ்வொரு நாளும் இருந்தது. அவள் கையில் ஒரு பழுப்புக் கவர் இருந்ததும், அவள் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றதும் அந்த ஓட்டை வழியாகத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இறங்கிப் போன பிறகு, இவர் வீட்டில் இருந்தது அவளுக்குத் தெரியாது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஆறு வருடம் அந்த நம்பிக்கையில்தான் தூங்கினார்.

"தப்புதான்மா" என்றார். "பெரிய தப்பு."

"இதைச் சொல்ல ரெண்டு தெரு நடந்தாப் போதும் மாமா. அறுநூறு கிலோமீட்டர் எதுக்கு?"

வேனைக் கிளப்பி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். வழியெல்லாம் பின்னால் இரண்டு சைக்கிளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.

பயணம் அவரில்லாமல் போய்ச் சேர்ந்தது. நாற்பது பேர் முடித்தார்கள் என்று பத்திரிகையில் போட்டிருந்தது.

நரம்பு ஏற்கனவே நசுங்கியிருந்த இடத்திலேயே அடியும் பட்டதால் டாக்டர் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. மூன்று மாதம் பார்ப்போம் என்றார். மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு மூன்று மாதம் பார்ப்போம் என்றார். உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்துச் சதை வற்றிப்போனது. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்து நின்றது. இசைக்குழுவில் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். மேனேஜர் வீட்டுக்கே வந்து பேசினார், பழக்கூடை வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் மூன்றாவது நாற்காலியில் ஒரு இளைஞன் உட்கார்ந்தான். கச்சேரி கேட்கப் போன வயலின்காரரின் மனைவி, "வித்தியாசமே தெரியல" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ரொட்டிக்கடைக்காரரைப் பார்க்க வயலின்காரர் நான்கு தடவை போனார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலது தோளை முழுசாகத் தூக்க முடியவில்லை, மாவு பிசைய ஆள் போட்டிருந்தார். "வாங்க சார், என்னைத் தள்ளிவிட்ட சார்" என்று ஒவ்வொரு தடவையும் அதே குரலில் கூப்பிட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு தெரு நடக்க வயலின்காரருக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செருப்புக்கடையைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் போய், அவள் கதவைத் தட்டினார். உள்ளே துணி உதறுகிற சத்தம் நின்றது. காலடிச் சத்தம் வந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவு திறந்தது.

"வாங்க" என்றாள். ஒற்றை அறை. ஜன்னலோரம் கட்டில், அதன்மேல் மடிக்காத துணி ஒரு குவியல், சுவரில் தம்பியின் கம்பெனி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தாள். மேஜையில் மாத்திரை டப்பாவும் டீ டம்ளரும். அவருக்கும் ஒரு டம்ளர் டீ வைத்தாள். வைத்துவிட்டு அவர் எடுக்கிறாரா என்று பார்த்தாள். அவர் வலது கையால் எடுத்துக் குடித்தார். சூடாக இருந்தது, முழுசாகக் குடித்தார்.

"உன்கிட்டச் சொல்லணும்னுதான்மா வந்தேன். அன்னைக்குக் கதவு..."

"வேன்லயே சொல்லிட்டீங்க."

"மன்னிப்புக் கேக்கல. கேக்கற தகுதி இல்ல."

"கேட்டாலும் இப்ப எங்கிட்ட இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "பின்னால வந்தா சொல்றேன். டீ நல்லாயிருந்துச்சா?"

"நல்லாயிருந்துச்சு."

அவள் டம்ளரை எடுக்க வந்தவள் அவர் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தாள். எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொடுங்க."

அவர் தயங்கினார். அவளே அந்தக் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். வளைந்த சுண்டுவிரலைப் பிடித்து நிமிர்த்தினாள். சோப்பும் வெந்நீரும் பட்டுச் சிவந்த விரல்கள் அவளுடையவை. அவை தம் விரலைச் சுற்றியிருப்பதை வயலின்காரர் கண்ணால் பார்த்தார். கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. அவள் கை சூடா, ஈரமா, சொரசொரப்பா எதுவும் அவருக்கு வந்து சேரவில்லை.

"தெரியுதா?" என்றாள்.

"தெரியலம்மா."

அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நகம் வெள்ளையாகிற வரை அழுத்தினாள்.

"இப்ப?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். அவள் அந்த விரலை விட்டுவிட்டு அடுத்த விரலைப் பிடித்தாள்.